கொர்னேலியஸ் மஸ்கட் புறப்பட்ட விதம்

கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் ஒன்பது வருடம் பம்ப் ஓட்டியவன் கொர்னேலியஸ். அழுத்தம் எவ்வளவு கூடினால் குழாய் வெடிக்கும் என்பதைக் காதால் கேட்டே சொல்லிவிடுவான். மஸ்கட்டில் அவனுக்கு அந்தப் பெயர் உண்டு. ஆனால் 1996 செப்டம்பரில் மைசூருக்கு லீவில் வந்து இறங்கியபோது, வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பிப் போவதற்குச் சொந்த ஊரில் ஒரு சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். அப்போது அந்தக் காதில் ஒரு சத்தமும் விழவில்லை.

சீட்டின் பெயர் மறுபயணச் சான்று. முன்பெல்லாம் பெங்களூர் போனால் அரை மணி நேரத்தில் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்தித் தருவார்கள். மக்களுக்கு இந்தக் கஷ்டம் கூடாது என்று இரண்டரை வருடத்துக்கு முன்னால் மைசூரிலேயே 'கடல்கடந்தோர் வசதி இலாகா' என்று ஒன்றைத் திறந்திருந்தார்கள். கொர்னேலியஸ் போன முறை லீவில் வந்தபோது அது இல்லை. அதனால் சந்தோஷப்பட்டான். பஸ் செலவு மிச்சம் என்று மனைவி ரெபேக்காவிடம் சொல்லவும் சொன்னான்.

அவனுக்கு டிக்கெட் அக்டோபர் இருபத்தெட்டாம் தேதிக்கு, பம்பாயிலிருந்து. முப்பதாம் தேதி காலை ஷிப்டில் பம்ப் ரூமில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான் என்று மேனேஜர் லீவுக் கடிதத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். வேலை போனால் வேறு வேலை தேடலாம்தான். ஆனால் மைசூரில் கடல் கிடையாது. கடல் இல்லாத ஊரில், கடல் தண்ணீரைச் சுத்தம் பண்ண மட்டும் தெரிந்த நாற்பத்தொரு வயது ஆளை யார் எடுப்பார்கள் என்பதைக் கொர்னேலியஸ் யோசித்துப் பார்த்திருக்கிறான். யோசிக்கும்போதெல்லாம் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பான்.

இலாகா ஒரு பழைய சாரட்டுக் கொட்டகையில் இருந்தது. குதிரைகள் நின்ற இடங்களைப் பலகை போட்டுத் தடுத்துக் கவுண்டர் ஆக்கியிருந்தார்கள். குதிரை கட்டும் இரும்பு வளையங்கள் சுவரில் அப்படியே இருந்தன. வந்தவர்கள் அவற்றில் பைகளை மாட்டியிருந்தார்கள். துபாய், தோஹா என்று எழுதிய பைகள். எழுத்துகள் வெளுத்துப்போயிருந்தன. நல்ல பை வாங்கியிருக்கலாம் என்று மட்டும் கொர்னேலியஸ் நினைத்தான்.

முதல் கவுண்டரில் இருந்த குமாஸ்தாவின் பெயர் லிங்கப்பன். ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். பேச்சில் அவ்வளவு மரியாதை.

"எந்த நாடுங்க?"

"மஸ்கட்."

"நல்ல ஊருங்களா?"

"வெயில்தான் ஜாஸ்தி."

"வர்றவங்க அல்லாரும் வெயில்னுதானுங்க சொல்றாங்க. ஆனா போயே ஆகோணும்னு நிக்கறாங்க" என்று சிரித்தபடி ஒரு பாரத்தை எடுத்து நீட்டினார்.

பாரத்தில் நாற்பத்திரண்டு கலங்கள். ஒன்பதாவது கலம்: உத்தேசப் புறப்பாட்டுத் தேதி. பத்தாவது கலம்: புறப்பட்டதற்கான ஆதாரம், அசல் இணைக்கப்பட வேண்டும்.

கொர்னேலியஸ் இரண்டு முறை படித்தான்.

"புறப்படறதுக்குத்தானே சார் இந்தச் சீட்டு?"

"ஆமாங்க."

"சீட்டு இல்லாம புறப்பட முடியுமா?"

"முடியாதுங்க. ஏர்போர்ட்ல நிறுத்திப்போடுவாங்க."

"அப்ப புறப்பட்டதுக்கு ஆதாரம் எப்படிக் குடுக்கறது?"

"அசலாக் குடுக்கோணுமுங்க. ஜெராக்ஸ் செல்லாது." லிங்கப்பன் பாரத்தைத் தன் பக்கம் திருப்பி ஒரு தடவை பார்த்தார். "நானும் உக்காந்து முழுசாப் படிச்சிருக்கறனுங்க. ரொம்ப நல்ல பாரமுங்க. ஒரு எழுத்துத் தப்புக் கெடையாது. சரி, பாஸ்போர்ட்டக் குடுங்க, பத்திரமா வெச்சுக்கறோம்."

"எப்பத் திருப்பித் தருவீங்க?"

"சான்றோட சேத்தித்தானுங்க. சான்று இல்லாம பாஸ்போர்ட்ட மட்டும் கையில குடுத்தா, அதைய வெச்சுட்டு யாராச்சும் வெளிநாடு போயிருவாங்க."

நியாயமாகத்தான் இருந்தது. கொர்னேலியஸின் பலவீனமே அதுதான். யாராவது ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிட்டால், அது தன் கழுத்துக்கு வருகிறதா என்று பார்க்காமல் தலையாட்டிவிடுவான். பாஸ்போர்ட் ஓர் இரும்பு பீரோவுக்குள் போயிற்று. கதவை மூடும்போது பீரோ வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, சாப்பிட்ட ஆளுக்கு வருவதுபோல.

பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் சுப்பையா. ஐம்பது வயது இருக்கும், சட்டைக் காலரெல்லாம் துவைத்துத் துவைத்துக் கிழிந்திருந்தது, ஆனால் கையில் தங்க நிற வாட்ச். மணி பன்னிரண்டரை, அவர் வாட்ச் பதினொன்று காட்டியது.

"அண்ணே, உங்க வாட்ச் ஸ்லோவா ஓடுது."

"அது கரெக்டா ஓடுது தம்பி. ஷார்ஜா டைம்."

"எப்பத் திரும்பிப் போறீங்க?"

"இருபது நாள் லீவுலதான் வந்தேன்."

"எப்ப வந்தீங்க?"

"தொண்ணூத்தி நாலு மே மாசம்." சாதாரணமாகச் சொன்னார். "ஒரு கையெழுத்துதான் பாக்கி. ஏன் அப்படிப் பாக்கற? நானும் மொத நாள் இப்படித்தான் ஒருத்தரைப் பாத்தேன். அவருதான் வாசல்ல ஜெராக்ஸ் எடுக்கறாரு. குவைத்துல பெரிய ஃபோர்மேன்."

கொர்னேலியஸ் வாசலைப் பார்த்தான். ஜெராக்ஸ்காரர் கையசைத்தார். அவருக்குப் பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவரும் அசைத்தார்.

"அப்ப இந்த லிங்கப்பன் சார்?" என்று கேட்டான், குரல் தாழ்ந்துபோய்.

"அவரு பஹ்ரைன்" என்றார் சுப்பையா.

* * *

பத்து நாள் கழித்துக் கள ஆய்வுக்கு ஆள் வந்தார். தொட்டையன் என்று பெயர், மொபெட்டில் வந்தார், கக்கத்தில் ஃபைல். பன்னிமண்டபத்தில் கொர்னேலியஸின் வீட்டுக் கதவைத் தட்டினார். கொர்னேலியஸ்தான் திறந்தான்.

"கொர்னேலியஸ் இங்க வாசம் பண்றாரா?"

"நான்தான் சார் அது."

"அது நீங்க சொல்றது. நான் விசாரிக்கணும்." உள்ளே வந்து ஃபேனுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரெபேக்கா காபி கொண்டுவந்தாள். குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ரேஷன் கார்டு கேட்டார்.

கார்டில் கொர்னேலியஸின் பெயர் அடித்திருந்தது. அடித்த இடத்தில் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

அது ரெபேக்காவின் வேலை. அந்தத் தெருவில் வெளிநாடு போனவர்கள் ஏழெட்டுப் பேர். அத்தனை பேரும் ரேஷன் கார்டில் உள்ளூரிலேயே இருந்து, மாதா மாதம் சர்க்கரையும் சீமெண்ணெயும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ரெபேக்கா மட்டும் ஒன்பது வருடத்துக்கு முன்னால் இரண்டு நாள் வரிசையில் நின்று, ரேஷன் குமாஸ்தா வேண்டாம்மா வேண்டாம்மா என்று கெஞ்சக் கெஞ்ச, புருஷன் பெயரை நீக்கிவிட்டு வந்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "இல்லாத ஆளுக்குச் சர்க்கரை வாங்கினா பாவசங்கீர்த்தனத்துல சொல்லணும். மாசா மாசம் சாமியார்கிட்டப் போயி சர்க்கரையைப் பத்தியே பேசிட்டிருக்க முடியுமா?" என்றாள்.

தொட்டையன் கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கார்டு நான் நோடினதே இல்ல தாயி. உங்களை மாதிரி யோக்கியமானவங்களாலதான் எங்களுக்குக் கஷ்டம்."

பிறகு அக்கம்பக்கத்து விசாரணை. பக்கத்து வீட்டு மல்லம்மா ஏற்கெனவே வேலியோரம் வந்து நின்றிருந்தாள்.

"ஏன்ம்மா, இந்தக் கொர்னேலியஸ் இந்த வீட்டுலயா இருக்காரு?"

மல்லம்மாவுக்குக் கொர்னேலியஸ் என்றால் சொந்தத் தம்பி மாதிரி. ஆபீசர் கேட்கிறார், பிள்ளையின் பெருமையை எடுத்துச் சொல்ல வேண்டாமா? "ஐயோ, அவரு எல்லி இங்க இருக்காரு! ஒன்பது வருஷமா பாரின்! எங்க தெருவுலயே இவரு மாதிரி கெடையாது ஸார்!" என்று சொல்லி, பக்கத்தில் நின்ற கொர்னேலியஸின் தோளை இரண்டு முறை தட்டினாள்.

தொட்டையன் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினார். "மனுதாரர் மேற்படி விலாசத்தில் வசிக்கவில்லை. விலாசத்தில் நேரில் விசாரித்ததில், மனுதாரரே இத்தகவலை உறுதி செய்தார்."

"நான் எங்க சார் உறுதி செஞ்சேன்?"

"வேலை மஸ்கட்லன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"ஒரே ஆளு ரெண்டு ஊர்ல இருக்க முடியுமா சுவாமி?"

முடியாதுதான். கொர்னேலியஸ் கையெழுத்துப் போட்டான். காபி டம்ளரை எடுக்க வந்த ரெபேக்கா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எடுக்காமலே போனாள்.

சரி, மைசூரில் வசிக்கவில்லை என்று ஆயிற்று, மஸ்கட்டில் வசிப்பதையாவது காட்டிவிடலாம் என்று மறுநாள் மூன்றாவது கவுண்டருக்குப் போனான். அங்கே அவனுடைய மஸ்கட் குடியிருப்பு அட்டையை ஒரு வாரம் வைத்திருந்து திருப்பித் தந்தார்கள். மஸ்கட்டில் வசிப்பவர் மைசூரில் மூன்றாம் எண் கவுண்டரில் காணப்பட்டபடியால் ஏற்பதற்கில்லை என்று பின்னால் எழுதியிருந்தது.

"இதுக்கு என்ன சார் அர்த்தம்?" என்று லிங்கப்பனிடம் கேட்டான்.

லிங்கப்பன் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பெருசா ஒண்ணும் ஆயிப்போகலீங்க. நீங்க இப்போதைக்கு எங்கயும் இல்லீங்க. அவ்வளவுதானுங்க."

* * *

அக்டோபர் முதல் வாரத்தில் சிறப்பு அதிகாரி நஞ்சுண்டசாமி கூப்பிட்டனுப்பினார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கொர்னேலியஸைப் பார்த்தார்கள். சுப்பையா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் ஆளுக்குச் செய்வதுபோல இருந்தது.

நஞ்சுண்டசாமி சந்தன வாசனை அடிக்கும் மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். ஓசூர்ப் பக்கம் வேலை பார்த்தபோது மேடைப் பேச்சுகளைக் கேட்டுத் தமிழ் கற்றவர். அதனால் ஒரு ஆளிடம் பேசும்போதும் ஐந்நூறு பேருக்குப் பேசுவார். மேஜையில் ஓர் உலக உருண்டை இருந்தது. பேசும்போது அதைச் சுற்றிவிட்டு, சுற்றி முடியும்வரை ஒரு விரலால் காத்திருந்து, நிறுத்துவார்.

"மிஸ்டர் கொர்னேலியஸ். பிள்ளை வீட்டை விட்டுப் போகிறேன் என்று சொன்னால், தாய் உடனே கதவைத் திறந்துவிடுவாளா? மாட்டாள். அழுவாள். கையைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கைதான் இந்த இலாகா. நாங்கள் யாரையும் தடுக்கவில்லை. பிடித்துக்கொண்டிருக்கிறோம். வித்தியாசம் இருக்கிறது, அல்வா?" அல்லவா என்பது மட்டும் அவருக்குக் கன்னடத்தில்தான் வரும்.

"இருக்கு சார்" என்றான் கொர்னேலியஸ்.

"இரண்டரை வருடத்தில் இந்த வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். இதில் வெளிநாட்டில் முதலாளியிடம் அடி வாங்கியவர் எத்தனை பேர்? பூஜ்யம். அந்நிய நாட்டுச் சிறையில் இருப்பவர்? பூஜ்யம். விமான விபத்து? பூஜ்யம். இப்படி ஒரு ரெக்கார்டு எந்த இலாகாவுக்காவது உண்டா?"

"ஆனா யாருமே இன்னும் போகலையே சார்."

"அதைத்தான் நானும் சொல்கிறேன்" என்றார் நஞ்சுண்டசாமி, கனிவோடு.

உருண்டை சுற்றியது. நின்றது.

"இப்போது மேலே இருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது. இதுவரை புறப்பட்டவர்கள் எத்தனை? நான் ஒரு எண் எழுத வேண்டும். பூஜ்யமும் எண்தான். ஆனால் தனியாக நிற்கும்போது பார்வைக்கு நன்றாக இல்லை. ஆகவே உங்கள் ஃபைலை நானே எடுத்திருக்கிறேன். தசராவுக்கு ஒவ்வொரு இலாகாவும் ஊர்வலத்தில் ஒரு டாப்ளோ வண்டி விடுகிறது. நாமும் விடுகிறோம். லாரி மேல் பிளைவுட்டில் ஒரு ஆகாய விமானம். அதன் வாசலில் பயனாளி ஒருவர், கோட்டு சூட்டோடு, பெட்டியோடு நின்று கையசைக்க வேண்டும். நீங்கள் நின்றால் ஃபைல் நகரும்."

"அந்தப் பத்தாவது கலம் சார்? புறப்பட்டதுக்கு ஆதாரம்?"

நஞ்சுண்டசாமி முதல் முறையாகப் பல் தெரியச் சிரித்தார். "அதற்கும் சேர்த்துத்தான்."

வீட்டில் இதைச் சொன்னபோது ஆறாம் வகுப்பு படிக்கும் சோனியா குதித்தாள். "அப்பா, டாப்ளோல நீங்களா? தசரா ரஜா முடிஞ்சு போனா கிளாஸ்ல எல்லாருக்கும் ஹேளுவேன், எங்கப்பா ஜம்பு சவாரில போனாருன்னு!"

ரெபேக்கா குதிக்கவில்லை. "என்ன எழுதிக் குடுத்தாங்க?" என்றாள்.

"எழுதிக் குடுக்கல. ஃபைல் நகரும்னார்."

"எந்தப் பக்கம்?"

கொர்னேலியஸ் டிரங்குப் பெட்டியைத் திறந்தான். கல்யாணக் கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தான். வயிற்றுக்கிட்டே பொத்தான் போட வரவில்லை. கையசைத்துக்கொண்டே இருந்தால் தெரியாது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான்.

* * *

விஜயதசமி அன்று பிற்பகல் அரண்மனையிலிருந்து ஜம்பு சவாரி ஊர்வலம் கிளம்பியது. யானைகளுக்கு வெகு முன்னால் டாப்ளோ வண்டிகள். முதலில் ஓர் இலாகாவின் இருபதடிப் பட்டுப்புழு, தலையை ஆட்டிக்கொண்டு போயிற்று. அதற்குப் பின்னால் கொர்னேலியஸின் விமானம். விமானத்தையே பார்த்திராத ஒரு ஆசாரி செய்தது. ஜன்னல்களுக்குத் திரைச்சீலை வைத்து, முன்பக்கம் லாரியைப்போல ஒரு ஹாரனும் பொருத்தியிருந்தார். ஜன்னல்களில் பிரயாணிகளாக உட்கார இலாகா பெஞ்சிலிருந்தே ஆள் எடுத்திருந்தார்கள். சுப்பையா ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கிக்கொண்டார். வண்டி அசைந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். கடைசிவரை திறக்கவில்லை.

கீழே மைக்கில் தொட்டையன். "நோடி, நோடி! நம்ம இலாகாவோட முதல் பயனாளி கொர்னேலியஸ் அவர்கள் மஸ்கட் புறப்பட்டுக்கொண்டிருக்கிறார்! கை தட்டி வழியனுப்புங்க!"

சயாஜிராவ் ரோட்டின் இரண்டு பக்கமும், மொட்டை மாடிகளிலும், மரக்கிளைகளிலும் இருந்த ஜனங்கள் கை தட்டினார்கள். கொர்னேலியஸ் கையசைத்தான். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு, சொல்லப்போனால், நன்றாகவே இருந்தது. ஒன்பது வருடத்தில் நாலு முறை மஸ்கட் போயிருக்கிறான். ஒரு முறைகூட ரெபேக்காவைத் தவிர வேறு யாரும் வழியனுப்பியதில்லை. பத்திரிகைக்காரர்கள் போட்டோ எடுத்தார்கள். கொர்னேலியஸ் பெட்டியைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினான். பெட்டி காலி.

ஊர்வலம் முடிகிற இடம் பன்னிமண்டபம். அதாவது மஸ்கட் விமானம் போய் நிற்க வேண்டிய இடத்திலிருந்து அவன் வீடு பத்து நிமிட நடை. திருப்பத்தில் மதில் மேல் மல்லம்மா நின்றிருந்தாள். "போயிட்டு வாங்க! நல்லா போயிட்டு வாங்க!" என்று கத்தி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மல்லம்மாவுக்கு எல்லாம் தெரியும். நாளைக் காலையில் அவன் அவளிடம்தான் பால்காரன் வந்தானா என்று கேட்கப் போகிறான். ஆனாலும் விமானத்தில் ஒருவன் போனால் அழாமல் என்ன செய்வது?

அவளுக்குப் பக்கத்தில் ரெபேக்கா. அவள் கையசைக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, தொட்டையன் மைக்கில் சொல்வதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

விமானம் நின்றதும் ஏணி வழியாக இறங்கி, காலிப் பெட்டியோடு கொர்னேலியஸ் வீட்டுக்கு நடந்தான்.

* * *

தசரா விடுமுறை முடிந்து இருபத்துமூன்றாம் தேதி இலாகா திறந்தது. லிங்கப்பன் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேஜைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"உங்க ஃபைல் முடிஞ்சுதுங்க."

கொர்னேலியஸுக்குக் கால் லேசாகிவிட்டது. "சான்று ரெடியா சார்?"

"சான்று எதுக்குங்க? அதான் புறப்பட்டாச்சுங்களே."

ஃபைலைத் திருப்பிக் காட்டினார். பத்தாவது கலத்தில் பத்திரிகைப் போட்டோ ஒட்டியிருந்தது. அசல். விமானத்தின் வாசலில் கொர்னேலியஸ், பெட்டியை உயர்த்தியபடி. கீழே மல்லம்மாவின் வாக்குமூலம்: மனுதாரர் விமானத்தில் ஏறிப் போனதை என் கண்ணால் பார்த்தேன், அழுதேன்.

"நாலு லட்சம் பேரு சாட்சிங்க" என்றார் லிங்கப்பன். "இத்தனை சாட்சியோட யாருமே வெளிநாடு போனதில்லீங்க."

"சார், நான் இங்கதானே நிக்கறேன். என் பாஸ்போர்ட்டைக் குடுத்துடுங்க, நான் பாத்துக்கறேன்."

"பாஸ்போர்ட் இல்லாம யாருங்க வெளிநாடு போவாங்க? நீங்க எடுத்துட்டுப் போயிட்டதா எழுதியாச்சு."

"அந்த பீரோவுலதானே சார் இருக்கு! நீங்கதானே வெச்சீங்க!"

"பீரோவுல இருக்கறது ரெக்கார்டுல இல்லாத பாஸ்போர்ட்டுங்க. அதைய நான் தொட்டன்னா என்னைய உள்ள தள்ளிப்போடுவாங்க." லிங்கப்பன் இரண்டு பக்கமும் பார்த்துக் குரலை இறக்கினார். "என்ற பாஸ்போர்ட்டும் அதுக்குள்ளதானுங்க இருக்குது. ரெண்டரை வருசமா அது முன்னாலயே உக்காந்திருக்கறேன். ஒரு நாளைக்கு ஒரு தடவை கதவைத் தொட்டுப் பாத்துக்குவேன். அவ்வளவுதான்."

கொர்னேலியஸ் அடுத்த நாளும் போனான். அதற்கடுத்த நாளும் போனான். நஞ்சுண்டசாமியைப் பார்க்க டோக்கன் கேட்டால், புறப்பட்டவர்களுக்கு டோக்கன் இல்லை என்றார்கள். இருபத்தெட்டாம் தேதியும் பெஞ்சில்தான் இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து சுப்பையா வாட்சைப் பார்த்து, "இந்நேரம் ஏறியிருப்பாங்க" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பாடு குடுப்பாங்க" என்றார். கொர்னேலியஸ் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான்.

நவம்பர் இரண்டாம் தேதி எஸ்.டி.டி. பூத்துக்கு மஸ்கட்டிலிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. நீங்கள் முப்பதாம் தேதி வேலைக்கு வரவில்லை, உங்கள் இடத்தில் வேறு ஆள் சேர்ந்துவிட்டார், உங்கள் விசா ரத்து செய்யப்படுகிறது என்று நாலே வரி. படித்தபோது கொர்னேலியஸுக்கு முதலில் தோன்றியது, சொல்ல வெட்கம், ஒரு நிம்மதி. தான் மஸ்கட்டில் இல்லை என்று மஸ்கட்டே எழுதிக் கொடுத்துவிட்டது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? பாஸ்போர்ட்டை வாங்கிவிட்டால் வேறு ஊரில் வேறு பம்ப் கிடைக்காதா?

டோக்கன் இல்லாமலே அறைக்குள் நுழைந்துவிட்டான். நஞ்சுண்டசாமி கோபப்படவில்லை. ஃபேக்ஸை வாங்கி, கண்ணாடியை மாற்றிப் போட்டு, படித்தார்.

"நீங்கள் அங்கே இல்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். இங்கே இல்லை என்று நாங்கள் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரு முரண்பாடும் கிடையாது. ஃபைலில் சேர்த்துவிடலாம்." சேர்த்தார். "அதற்குள் கொர்னேலியஸ் அவர்களின் நன்றிக் கடிதமும் வந்துவிட்டது. மேலிடத்துக்கு ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன்."

இரண்டு பக்கம், டைப் அடித்த கடிதம். இந்த இலாகாவின் கருணையால் மஸ்கட் வந்து சேர்ந்தேன், வழியெல்லாம் மலர் தூவினார்கள், இங்கே எல்லோரும் நமது சிறப்பு அதிகாரி அவர்களைப் பற்றியே பேசுகிறார்கள் என்று போயிற்று. நல்ல கடிதம். கொர்னேலியஸுக்கு அவ்வளவு கோர்வையாக எழுத வராது. நின்றபடியே ஒரு பக்கம் முழுக்கப் படித்தான். படிக்கப் படிக்க, எங்கேயோ ஒரு இடத்தில் நெஞ்சுக்குள் பம்ப் நின்றுபோன மாதிரி இருந்தது.

"சார்," என்றான், "அடுத்த பக்கத்துல என் பெண்டாட்டி, பொண்ணைப் பத்தி ஏதாவது எழுதியிருக்கேனா?"

நஞ்சுண்டசாமி பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது.

"ஒரு வரிகூட இல்லை. அங்கே போனதும் எல்லோரும் இப்படித்தான் மறந்துவிடுகிறார்கள். அதற்காகத்தான் நாங்கள் பிடித்து வைக்கிறோம், யார் கேட்கிறார்கள்?" கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அப்போதுதான் எதிரில் ஒருவன் நிற்பதைப் பார்த்தவர்போல் நிமிர்ந்தார். "ஆமாம், நீங்கள் அவருக்கு என்ன வேண்டும்?"

கொர்னேலியஸ் யோசித்தான். நேர்மையாகச் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"ஒரே வீட்டுல இருக்கோம் சார்."

அறையில் சந்தன வாசனை கொஞ்சம் கூடியதுபோல இருந்தது. நஞ்சுண்டசாமி பேனாவைத் திறந்தார். "கணவர் கடல் கடந்து போயிருக்கிறார். வீட்டில் மனைவியும் மகளும் தனியாக இருக்கிறார்கள். அந்த வீட்டில் ஒரு ஆண் தங்கியிருக்கிறார். சரிதானே? குடும்பங்களின் பாதுகாப்பும் எங்கள் பொறுப்பில்தான் வருகிறது. தொட்டையன் இன்று மத்தியானமே வந்து பார்ப்பார். வெளி ஆள் யாராவது இருந்தால், அழைத்துக்கொண்டு வந்துவிடுவார்." எழுதி முடித்து மையொற்றினார். "பயப்பட வேண்டாம். பெஞ்சில் இடம் இருக்கிறது."

கொர்னேலியஸ் அங்கே நிற்கவில்லை. மைசூர் ரோடுகளில் கோட்டு போட்டுக்கொண்டு கையசைத்த அதே ஆள், இப்போது தலையைக் குனிந்துகொண்டு, சந்து சந்தாக ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தான். இரண்டு பேர் அவனைப் பார்த்துவிட்டு, "மஸ்கட் போனவரு மாதிரியே இருக்கார்" என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

சோனியா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ரெபேக்கா தட்டு போட்டு வைத்திருந்தாள். அவன் உட்கார்ந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். ஃபேக்ஸைச் சொன்னான், கடிதத்தைச் சொன்னான், இரண்டாவது பக்கத்தில் ஒரு வரிகூட இல்லாததையும் சொன்னான். ரெபேக்கா கேட்டுக்கொண்டே சோறு போட்டு, ரசம் ஊற்றி, அப்பளம் வைத்தாள்.

தெரு முனையில் மொபெட் சத்தம் கேட்டது. அணைந்தது. மல்லம்மாவின் குரல் யாருக்கோ உற்சாகமாகப் பதில் சொன்னது.

ரெபேக்கா எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். வாசலில் கிடந்த அவன் செருப்பை ஏற்கெனவே உள்ளே எடுத்து வைத்திருந்தாள் என்பதை அப்போதுதான் பார்த்தான். அவள் திரும்பி வந்து அவன் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள். அவன் கை சோற்றிலேயே நின்றிருந்தது.

"சாப்பிடுங்க" என்றாள், உதடு மட்டும் அசைய.

பிறகு அவன் தட்டிலிருந்து அப்பளத்தை மட்டும் எடுத்துக் கீழே வைத்தாள்.

"இது சத்தம் போடும்."